நாய்க்குக் கேன்சர் என்கிறார்கள், கத்தி பட்டால் பரவுமா? வடசென்னையில் எங்கே போவது?

5 ஜூலை 2024, கொடுங்கையூர் வாசகர் கேட்டது

எங்கள் வீட்டு நாய்க்குப் பத்து வயது. பெண், நாட்டு நாய். கருத்தடை செய்யவில்லை. பின்னங்கால் பக்கத்துக் காம்பு ஓரத்தில் ஒரு கட்டி. பொங்கல் சமயத்தில் பட்டாணி அளவு இருந்தது, இப்போது எலுமிச்சை அளவு. தெருவில் ஊசி போட வருகிறவர் பார்த்துவிட்டு, இது கேன்சர், கத்தி பட்டால் உடம்பெல்லாம் பரவிவிடும், இருக்கிற வரைக்கும் சோறு போட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார். கத்தி பட்டால் பரவும் என்பது உண்மையா? எங்கே காட்டுவது?

6 ஜூலை 2024

தம்பி, இதை நம்பி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். பெண் நாய்க்கு மடியில் வரும் கட்டிகளில் ஏறக்குறைய பாதி சாதாரணக் கட்டிதான். மீதிப் பாதிதான் புற்று. அதிலும் எல்லாமே வேகமாகப் பரவும் வகை கிடையாது. எது எந்த வகை என்று தடவிப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, பெரிய டாக்டராலும் முடியாது.

இதற்கு முதல் வைத்தியமே அறுவைதான். 3 சென்டிமீட்டருக்குள் இருக்கும்போது எடுத்த நாய்களுக்குப் பலன் நன்றாக இருக்கிறது. எலுமிச்சை அளவென்றால் அந்த எல்லையில் நிற்கிறது. ஒரு வாரம்கூடத் தள்ளிப் போடாதீர்கள்.

கத்தி வைப்பதற்கு முன்னால் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இடது பக்கம், வலது பக்கம், நேராக என்று மூன்று படம். மடிக்கட்டி பரவினால் பெரும்பாலும் நுரையீரலில்தான் முதலில் தெரியும். ரத்தப் பரிசோதனையும் வேண்டும். அப்புறம் முக்கியமான ஒன்று: எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். கட்டியை ஃபார்மலினில் போட்டு அனுப்பி, அறிக்கை வந்தால்தான் அதன் பெயர் தெரியும். பெயர் தெரியாமல் அடுத்த முடிவு எதையும் எடுக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

இடம்: வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. நம் பக்கத்தில் இன்னமும் மாட்டாஸ்பத்திரி என்றுதான் சொல்கிறோம். அதனால் நாய், பூனையை அங்கே பார்க்க மாட்டார்கள் என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். 1903ல் சைதாப்பேட்டையில் தொடங்கிப் பிறகு வேப்பேரிக்கு வந்த கல்லூரி அது. காலையில் போய்ப் பாருங்கள், நாய்க்கூட்டம் தாங்காது. உங்களுக்கு மாதவரம் பால்பண்ணையும் பக்கம்தான். வேப்பேரிக் கல்லூரி சேர்ந்திருக்கும் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் இன்னொரு ஆஸ்பத்திரி அங்கே இருக்கிறது. முதலில் அங்கே காட்டிவிட்டு, தேவையென்றால் வேப்பேரிக்கு எழுதி வாங்கிக்கொண்டு போகலாம்.

6 ஜூலை 2024, இரவு

"கத்தி பட்டால் பரவும்" என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கட்டி உடைந்து நாற்றம் வந்த பிறகு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அதற்குள் அது நுரையீரலுக்குப் போயிருக்கும். அறுவை முடிந்த இரண்டாம் மாதம் நாய் செத்துப்போனால் பழி கத்தி மேல் விழுகிறது. எங்கள் தெருவிலேயே இப்படி ஒன்று நடந்தது, அதற்குப் பிறகு அந்த வரிசையில் இருந்த யாரும் தங்கள் நாய்க்கு அறுவை செய்ய ஒப்பவில்லை.

அந்தப் பேச்சில் ஒரு துளி உண்மையும் இருக்கிறது. மடி முழுக்கச் சிவந்து, சூடாக, வீங்கி, தொட்டாலே நாய் கத்துகிற ஒரு வகைப் புற்று உண்டு. அதில் அறுவை செய்தால் பலன் இல்லை, காயமும் ஆறாது. ஆனால் அது அரிதான வகை. உங்கள் நாய்க்குத் தனியாக உருளும் ஒரு கட்டி என்றால் இது அதுவாக இருக்க வாய்ப்பு குறைவு. டாக்டர் தொட்டுப் பார்த்தவுடனே சொல்லிவிடுவார்.

8 ஜூலை 2024

ஆட்டோ நிற்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தெரியும். மெட்ரோவில் நாயை ஏற்ற விடமாட்டார்கள், பஸ்ஸைப் பற்றிப் பேசவே வேண்டாம். எங்கள் நாய் ராணியை ராயபுரத்திலிருந்து வேப்பேரிக்கு மீன்பாடி வண்டியில்தான் கொண்டுபோனோம். காலையில் காசிமேட்டில் மீன் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் வண்டிக்காரரிடம் பேசி வைத்துக்கொள்ளலாம். கீழே ஈரச்சாக்கு, அதன் மேல் பழைய போர்வை. ராணிக்கு அந்த மீன் வாசனைதான் ஆறுதலாக இருந்தது, வழி முழுக்கப் பலகையை நக்கிக்கொண்டே வந்தாள். அறுவை நாளில் மட்டும் அப்படி நக்க விடக் கூடாது, வயிறு காலியாக இருக்க வேண்டும். எத்தனை மணிக்குச் சோற்றை நிறுத்துவது என்று முன்னாடியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ராணிக்கும் மடிக்கட்டிதான். ஒரு பக்கத்து மடி வரிசையையே எடுத்தார்கள், தையல் அக்குளிலிருந்து தொடை வரைக்கும் இருந்தது. பார்த்ததும் என் அம்மாவுக்கு மயக்கம் வந்துவிட்டது. நாய் மறுநாள் எழுந்து வாசலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

வீட்டுப் பராமரிப்பில் நான் பயந்தது ஈக்குத்தான். மீன் மார்க்கெட் பக்கம் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திறந்த காயத்தில் ஒரே நாளில் புழு வைத்துவிடும். கழுத்தில் மாட்டும் கோன் எங்கள் வீட்டு இடுக்கில் நாலு பக்கமும் இடித்தது. என் தம்பியின் பழைய பனியனைப் போட்டு முதுகில் முடிச்சுப் போட்டோம், தினமும் துவைத்து மாற்றினோம். கொசுவலைக்குள் படுக்க வைத்தோம். சின்ன வீட்டுக்குள்ளும் இதெல்லாம் முடியும்.

11 ஜூலை 2024

வியாசர்பாடி நண்பர் கேட்டது: ஊசி குத்திக் கட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தாலே பரவிவிடுமாமே?

மருந்து போடும் சாதாரண மெல்லிய ஊசியால்தான் எடுக்கிறார்கள். கண்ணாடித் தகட்டில் தேய்த்துச் சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். மயக்க மருந்து பெரும்பாலும் தேவைப்படாது. அதனால் பரவும் என்ற பயம் தோலில் உள்ள கட்டிக்கு வேண்டாம். சிறுநீர்ப்பைக் கட்டி மட்டும் விதிவிலக்கு. அங்கே வயிற்றின் வழியாக ஊசி விட்டால் அந்தப் பாதையிலேயே செல்கள் ஒட்டி வளரலாம் என்பதால் டாக்டர்களே தவிர்ப்பார்கள்.

ஊசிப் பரிசோதனையால் பெரிய உபகாரம், கொழுப்புக் கட்டியா, மாஸ்ட் செல் கட்டியா என்று அது பிரித்துக் காட்டுவது. மாஸ்ட் செல் கட்டி நாயின் தோலில் அடிக்கடி வரும் ஒரு புற்று. இன்று வீங்கும், நாளைக்கு வற்றும், கொசுக்கடி என்றே நினைத்துக்கொண்டிருப்போம். அதை எடுக்கும்போது சுற்றியிருக்கும் நல்ல தோலையும் தாராளமாகச் சேர்த்து எடுக்க வேண்டும். அது தெரியாமல் கட்டியை மட்டும் எடுத்தால் திரும்ப வரும், இரண்டாவது அறுவை வைக்க வேண்டியிருக்கும்.

11 ஜூலை 2024, கொஞ்ச நேரம் கழித்து

நம்மூருக்கு இன்னொன்று சொல்லியாக வேண்டும். நாய்க்குத் தாடைக்குக் கீழே, முழங்காலுக்குப் பின்னால் நெறி கட்டியிருந்தால் எல்லாரும் உடனே கேன்சர் என்று அழ ஆரம்பித்துவிடுகிறார்கள். உண்ணிக் காய்ச்சலிலும் நெறி கட்டும். சென்னையில் உண்ணிக்குக் குறைவே இல்லை. மூக்கில் ரத்தம், ஈறு வெளுப்பு, சோறு வேண்டாம் என்று முகத்தைத் திருப்புவது எல்லாம் அதிலும் வரும். அது பெரும்பாலும் டாக்ஸிசைக்ளின் மாத்திரையில் குணமாகிற நோய். ரத்தம் எடுத்துப் பார்க்காமல், நெறியில் ஊசி விட்டுப் பார்க்காமல் புற்று என்று முடிவு கட்டாதீர்கள்.

14 ஜூலை 2024

அந்த நெறியில் உண்மையிலேயே நிணநீர்ப் புற்று (லிம்போமா) என்று வந்துவிட்டால்? தண்டையார்பேட்டை அண்ணன் லாப்ரடாருக்காகக் கேட்டிருந்தார். எனக்கு நேரடி அனுபவம் இல்லை. என் அத்தை மகள் தன் நாய்க்கு முழுவதும் செய்தாள், நான் கூடவே போய்வந்தேன்.

முதலில், பரிசோதனைக்கு மாதிரி எடுப்பதற்கு முன்னால் பிரெட்னிசலோன் ஆரம்பிக்காதீர்கள். மருந்துக்கடையில் ஸ்டீராய்டு கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள், நெறியும் இரண்டே நாளில் சுருங்கிவிடும். எல்லாரும் சந்தோஷப்படுவோம். ஆனால் அதற்குப் பிறகு பரிசோதனை குழம்பும். பின்னால் கீமோ கொடுக்கும்போதும் நோய் மருந்துக்கு மசியாமல் போக வாய்ப்பு அதிகம்.

ஒன்றும் செய்யாவிட்டால் பெரும்பாலான நாய்களுக்கு 4 முதல் 6 வாரம். பிரெட்னிசலோன் மட்டும் என்றால் ஒன்றிரண்டு மாதம். சாப் என்று ஒரு மருந்துக் கூட்டு இருக்கிறது, வின்கிரிஸ்டின், சைக்ளோபாஸ்பமைடு, டாக்ஸோரூபிசின், பிரெட்னிசலோன் எல்லாம் மாற்றி மாற்றிப் பல மாதம் போகும். அதில் 100க்கு 80, 90 நாய்களுக்கு நோய் அடங்குகிறது. சராசரியாக ஒரு வருடம் கிடைக்கிறது. டி செல் என்ற வெள்ளணுவிலிருந்து வரும் வகை என்றால் அதைவிடக் குறைவு. முழுக் குணம் என்று யாராவது சொன்னால் அவரிடம் பணம் கட்டாதீர்கள்.

ஒரு வருடம்தானா என்று கேட்கிறீர்கள். பத்து வருடம் வாழும் உயிருக்கு ஒரு வருடம் சின்னது இல்லை, அண்ணா. அத்தை மகளின் நாய் அந்த மாதங்களில் தினமும் எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் நடக்கப் போனது, பூனையைத் துரத்தியது, சாப்பிட்டது. மனிதர்களுக்குக் கொடுக்கும் அளவில் நாய்க்குக் கீமோ கொடுப்பதில்லை. நோயை அடியோடு ஒழிக்கும் முயற்சியாக இல்லாமல், இருக்கும் நாட்கள் நன்றாக இருக்கட்டும் என்றுதான் அளவு வைக்கிறார்கள். பெரும்பாலான நாய்களுக்கு முடி கொட்டாது. பூடில் மாதிரி முடி வளர்ந்துகொண்டே இருக்கும் சாதிகளுக்குத்தான் கொட்டும். மீசை முடி போகலாம்.

கவனிக்க வேண்டியது ஊசி போட்டு ஒரு வாரம் வாக்கில். வெள்ளணுக்கள் அப்போதுதான் அடிமட்டத்துக்கு இறங்கும். நாயின் சாதாரணச் சூடு 101லிருந்து 102.5 ஃபாரன்ஹீட் வரை. 103 தாண்டிச் சோர்ந்து படுத்தால் காலை வரை காத்திருக்காதீர்கள், அப்போதே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். சைக்ளோபாஸ்பமைடு கொடுக்கும் நாட்களில் தண்ணீர் நிறையக் கொடுத்து அடிக்கடி ஒன்றுக்கு விடுங்கள், மருந்து சிறுநீர்ப்பையில் தங்கினால் ரத்தமாகப் போகும்.

15 ஜூலை 2024

நேற்று எழுதியதில் சேர்க்க: கீமோ போட்ட இரண்டு மூன்று நாள் நாயின் மூத்திரம், மலம், வாந்தி எல்லாவற்றையும் கையுறை போட்டே எடுங்கள். மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், குழந்தைகள் அந்த வேலைக்கு வேண்டாம். ஒரே அறையில் எல்லாரும் படுக்கும் வீடுகள் நம் பக்கம் அதிகம் என்பதால் சொல்கிறேன். நாயைத் தொடலாம், கொஞ்சலாம், அதற்குத் தடை இல்லை. முகத்தை நக்க மட்டும் அந்த நாட்களில் விடாதீர்கள்.

19 ஜூலை 2024

இன்றைக்குச் சந்தோஷமான ஒரு வகையைப் பற்றி எழுதப் போகிறேன். ஆமாம், புற்றுநோயில்தான்.

காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு நாய் இருக்கிறது. போன வருடம் அதன் பின்பக்கத்திலிருந்து சொட்டுச் சொட்டாக ரத்தம் விழுந்துகொண்டே இருந்தது. பருவத்துக்கு வந்திருக்கிறது என்று யாரும் கண்டுகொள்ளவில்லை. வாரக்கணக்கில் நிற்கவில்லை என்றதும்தான் ஒரு வலைக்காரர் பார்த்து, உள்ளே காலிஃபிளவர் மாதிரி சதை இருக்கிறது என்றார். டிவிடி (TVT) என்று டாக்டர்கள் சொல்வது இதுதான். தெருநாய்களுக்கு மிக அதிகமாக வரும் கட்டிகளில் ஒன்று.

இந்த நோயின் விசித்திரம் தெரியுமா? இது தொற்றிக்கொள்ளும் புற்று. கிருமி எதுவும் இல்லை, புற்றுச் செல்லே ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்கு இணை சேரும்போது போய் ஒட்டி வளர்கிறது. நக்கினாலும் மோந்தாலும் மூக்கில், வாயில் வரும். பல ஆயிரம் வருடங்களுக்கு முன்னால் எங்கேயோ ஒரு நாய்க்கு வந்த கட்டி, அந்த நாய் செத்த பிறகும் அதன் செல்கள் நாய் மாறி நாய் மாறி உலகம் முழுக்க வாழ்ந்துகொண்டிருக்கின்றன. மரபணுவை ஒப்பிட்டுக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு ஆச்சரியம்.

சந்தோஷம் எங்கே என்றால், வைத்தியத்தில். வின்கிரிஸ்டின் ஒரு மருந்து போதும். வாரம் ஒரு முறை நரம்பில். பெரும்பாலும் 4லிருந்து 6 ஊசி, சிலதற்கு 8 வரை போகும். 100க்கு 90 நாய்களுக்கு மேல் முழுக் குணம். இரண்டாவது ஊசிக்கே ரத்தம் நின்று சதை சுருங்கத் தொடங்கியது எங்கள் கறுப்பிக்கு. மனிதர்களுக்குப் பயன்படும் மருந்துதான் இது, மற்றப் புற்று மருந்துகளோடு பார்த்தால் விலையும் அடக்கம்.

ஆனால் இதை டாக்டர்தான் போட வேண்டும். தெருவில் ஊசி போடுகிறவர் கையில் கொடுக்காதீர்கள். மருந்து நரம்பை விட்டு வெளியே ஒரு சொட்டுக் கசிந்தாலும் அந்த இடத்துச் சதை வெந்து புண்ணாகிவிடும். ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் ரத்த அணுக்களைப் பார்க்க வேண்டும். தெருநாயை வாராவாரம் பிடிப்பது பெரிய வேலை. எங்களுக்கு டீக்கடை அண்ணன்தான் பிடித்துக் கொடுத்தார், அவர் போடும் பன்னுக்கு மட்டும்தான் கறுப்பி வருவாள். மற்ற நாளெல்லாம் எங்களைக் கண்டாலே படகுக்கு அடியில் போய்விடுவாள்.

குணமானதும் கருத்தடை செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த பருவத்தில் திரும்ப ஒட்டிக்கொள்ளலாம்.

20 ஜூலை 2024

முள் சீத்தா இலை, பப்பாளி இலைச் சாறு, மஞ்சள் உருண்டை. மூன்றையும் பற்றிக் கேட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். இவற்றால் நாயின் கட்டி கரைந்ததாக நான் கண்ணால் பார்த்ததில்லை. சோற்றில் ஒரு சிட்டிகை மஞ்சள் சேர்ப்பதால் கெடுதல் இல்லை. அதை நம்பி இரண்டு மாதம் அறுவையைத் தள்ளிப் போடுவதுதான் கெடுதல். வெங்காயம், பூண்டு சேர்த்த கஷாயம் எதுவும் வேண்டாம், நாய்க்கும் பூனைக்கும் ரத்த அணுக்கள் உடையும்.

23 ஜூலை 2024

பேச்சு எங்கெங்கோ போகிறது, போகட்டும். மிருகத்துக்கெல்லாம் கேன்சரா, இதெல்லாம் இப்போது வந்த நாகரிக நோய் என்று ஒருவர் எழுதியிருந்தார். என் தாத்தா கொருக்குப்பேட்டையில் வண்டி மாடு வைத்திருந்தவர். கொம்புப் புற்று என்பது அவருக்குத் தெரிந்த நோய். மாடு ஒரு பக்கமாகத் தலையை ஆட்டும், கொம்பைத் தூணில் தேய்க்கும், ஒரு மூக்கில் ரத்தம் வரும், கொம்பு மெல்லச் சாய்ந்துவிடும். நம் நாட்டு மாடுகளுக்குத்தான் இது அதிகம், அதிலும் காயடித்த காளைகளுக்கு. அறுவை செய்து கொம்பை அடியோடு எடுப்பார்கள். சீக்கிரம் பார்த்தால் மாடு பிழைத்து மறுபடி வண்டி இழுக்கும். வேப்பேரி டாக்டர்களைப் பற்றித் தாத்தா பேசும்போது குரலே மாறும், அவ்வளவு மரியாதை.

27 ஜூலை 2024

பூனை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக எழுதச் சொன்ன பெரம்பூர் தங்கைக்கு.

நாய்க்கு மேலே சொன்ன பாதிக்குப் பாதிக் கணக்கைப் பூனைக்குப் போடாதீர்கள். பூனையின் மடிக்கட்டியில் 100க்கு 85க்கு மேல் கெட்ட கட்டிதான், வேகமாகவும் பரவும். கடுகளவு தட்டுப்பட்டாலும் அன்றைக்கே போங்கள். 2 சென்டிமீட்டருக்குள் எடுத்தால் ஆயுள் கூடுகிறது, 3 சென்டிமீட்டரைத் தாண்டினால் மாதக்கணக்குதான்.

வெள்ளைக் காது, வெள்ளை மூக்கு உள்ள பூனை மொட்டை மாடியில் வெயில் காய்ந்தே வாழும். காது நுனியில் ஆறாத பொருக்கு வந்தால் சண்டைக் காயம் என்று விடாதீர்கள். வெயிலால் வரும் தோல் புற்றாக இருக்கலாம். சீக்கிரம் பார்த்துக் காது மடலை வெட்டி எடுத்தாலே பெரும்பாலும் தப்பித்துவிடும். வீட்டுக்குள் சிகரெட் பிடிக்கிறவர்கள் கேளுங்கள்: புகை படிந்த ரோமத்தைப் பூனை நாள் முழுக்க நக்குகிறது. அந்த வீடுகளில் பூனைகளுக்குப் புற்று அதிகம் வருவதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள்.

வலிக்குப் பாராசிட்டமால் பூனைக்குக் கொடுக்கவே கூடாது. அரை மாத்திரை உயிரை எடுத்துவிடும். நாய்க்கும் புரூஃபன், டைக்ளோபினாக் வேண்டாம், குடலில் புண்ணாகி ரத்தம் போகும். வலி மருந்து டாக்டர் எழுதியதுதான்.

2 ஆகஸ்ட் 2024

கொடுங்கையூர் தம்பி அறிக்கையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். சாதாரணக் கலப்புக் கட்டி, புற்று இல்லை, ஓரங்களில் எதுவும் மிச்சம் இல்லை, எக்ஸ்ரே சுத்தம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உங்கள் அம்மாவை இனிமேலாவது சாப்பிடச் சொல்லுங்கள். மாதம் ஒரு முறை மற்றக் காம்புகளைத் தடவிப் பாருங்கள், பெரும்பாலும் மொத்தம் பத்து இருக்கும், புதுக் கட்டி வேறு இடத்தில் வரலாம்.

4 ஆகஸ்ட் 2024

ராணி இப்போது எப்படி இருக்கிறாள் என்று திருவொற்றியூரிலிருந்து ஒரு அம்மா கேட்டார். ராணி இல்லை. அவளுடையது கெட்ட வகை. அறுவைக்குப் பிறகு நல்ல காலம் நிறையக் கிடைத்தது, அப்புறம் நுரையீரலுக்குப் போய்விட்டது.

நோய் திரும்பிய பிறகு கீமோ பற்றி டாக்டர் நேர்மையாகப் பேசினார். மடிப்புற்று பரவிய நிலையில் மருந்தால் பெரிதாகப் பலன் இல்லை, செலவும் அலைச்சலும்தான் மிஞ்சும் என்றார். அன்று நாங்கள் செய்யாமல் விட்டதற்கு எனக்கு வருத்தம் இல்லை. பணம் இல்லாதவர்களும் நாயைக் கைவிட்டவர்கள் கிடையாது. வலியை அடக்கி, சோறு சூடாகப் பிசைந்து ஊட்டி, படுக்கையை மாற்றிப்போட்டுப் பார்த்துக்கொள்வதும் வைத்தியம்தான். இதை அழுத்தமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மேலே நான் எழுதியதையெல்லாம் படித்துவிட்டு, கீமோ செய்ய வசதி இல்லையே என்று ஒருவர் இரவு இரண்டு மணிக்கு எழுதியிருந்தார்.

எப்போது போதும் என்று தெரிந்துகொள்வது எப்படி? சாப்பிடுகிறதா, தண்ணீர் குடிக்கிறதா, எழுந்து வெளியே போய் ஒன்றுக்கு இருக்கிறதா, மூச்சு சிரமமில்லாமல் வருகிறதா, நாம் உள்ளே வரும்போது வால் அசைகிறதா. நோட்டில் தினமும் நல்ல நாள், கெட்ட நாள் என்று குறித்து வைத்தோம். மனசு ஒவ்வொரு நாளும் ஒரு கணக்குச் சொல்லும், நோட்டு மாற்றிச் சொல்லாது. கெட்ட நாள் கூடிக்கொண்டே போனது. படுத்தால் மூச்சு வாங்கியதால் ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே இருந்தாள். உட்கார்ந்தே தூங்கி விழுந்து எழும் நாயைப் பார்த்த பிறகு எங்கள் வீட்டில் யாரும் வாதாடவில்லை.

முதலில் ஊசி போட்டு ஆழ்ந்த மயக்கத்துக்குக் கொண்டுபோனார்கள், அப்புறம்தான் கடைசி மருந்து. வலி இல்லை. என் அம்மா தலையை மடியில் வைத்திருந்தார். பாவம் செய்கிறோம் என்று பெரியம்மா சொன்னார், அவர் நம்பிக்கை அவருக்கு. மூச்சுக்குத் திணற விடுவதைவிட இது சரி என்று நான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

புதைப்பதாக இருந்தால் ஆழமாகப் புதையுங்கள். அந்த மருந்து உடம்பிலேயே தங்கும், தோண்டித் தின்னும் நாயும் காக்கையும் செத்துப்போகும்.

9 ஆகஸ்ட் 2024

ஒரு குட்டியாவது போட்டால்தான் பெண் நாய்க்கு உடம்புக்கு நல்லது, அதற்குப் பிறகு கருத்தடை செய்யலாம் என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். எங்கள் வீட்டிலும் ராணிக்கு இதைத்தான் சொன்னார்கள். 1969ல் வந்த ஒரு ஆய்வின் கணக்கு இன்னமும் டாக்டர்கள் சொல்வது: முதல் பருவத்துக்கு முன்னால் கருத்தடை செய்தால் மடிப்புற்று வரும் வாய்ப்பு, செய்யாத நாயோடு ஒப்பிட்டால் 0.5 சதவீதம்தான். ஒரு பருவம் கழித்தால் 8, இரண்டாவது கழிந்தால் 26. குட்டி போடுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ராட்வீலர் போன்ற பெரிய சாதிகளுக்கு மட்டும் ரொம்பச் சீக்கிரம் செய்வதில் எலும்புப் புற்று, மூட்டுக் கோளாறு என்று வேறு கணக்கு இருக்கிறது, டாக்டரோடு பேசி வயதை முடிவு செய்யுங்கள். நம் நாட்டு நாய்க்கு யோசிக்கவே வேண்டாம்.

10 ஆகஸ்ட் 2024

எண்ணூர் நண்பரின் நாய்க்குக் கால் எலும்பில் புற்று, காலை எடுக்கச் சொல்கிறார்களாம், மனசு வரவில்லை என்கிறார். அந்தக் கால் இப்போது அதற்கு வலியை மட்டும்தான் கொடுக்கிறது, அண்ணா. மூன்று காலில் நாய் நன்றாக ஓடும், வண்டியில் அடிபட்டு மூன்று காலில் வாழும் தெருநாய்களை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். காலை எடுப்பது மட்டும் என்றால் சராசரி 4, 5 மாதம். கார்போபிளாட்டின் போன்ற கீமோவும் சேர்ந்தால் 10 மாதம், ஒரு வருடம். இடுப்பு பலவீனமான நாயா, உடல் பருமனா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வழவழப்பான மொசைக் தரையில் சாக்கு விரித்து வைத்துவிட்டு வீட்டுக்குக் கூட்டி வாருங்கள்.

12 ஆகஸ்ட் 2024

காசிமேட்டில் இன்னொரு டிவிடி. செம்பட்டை நிற ஆண் நாய், வலை காயப்போடும் பக்கம் படுத்திருக்கும். ஊசியில் எடுத்துப் பார்த்து உறுதியாகிவிட்டது. முதல் ஊசி வரும் புதன்கிழமை காலை. மருந்துக்குப் பணம் சேர்ந்துவிட்டது, மீன்பாடி வண்டியும் பேசியாயிற்று. டீக்கடை அண்ணன் ஊருக்குப் போயிருக்கிறார், நாயைப் பயமில்லாமல் பிடிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். முன்கூட்டியே ரேபீஸ் தடுப்பூசி போட்டுக்கொண்டவராக இருந்தால் நல்லது. ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் யாராவது வர முடிந்தால் இங்கேயே எழுதுங்கள்.